ஆடிப்பிறப்புக்கு நவாலி: பிள்ளையளோட போறம், ஆர் வழி சொல்லுவியள்?

உவர்மலை அக்கா

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில எங்கட ஒழுங்கைப் பிள்ளையள் கொஞ்சப் பேர் சனிக்கிழமை பின்னேரத்தில எங்கட விறாந்தையில கூடிப் புத்தகம் வாசிக்கிறவை. பெரும்பாலும் நாலாம் ஐஞ்சாம் வகுப்பு, ரெண்டொரு பேர் அதுக்கு மேல. ஆடி மாதம் தாய் தேப்பன்மாரும் சேர்ந்து வான் பிடிச்சு யாழ்ப்பாணம் போறதெண்டு முடிவாகியிருக்கு. கோட்டை, நல்லூர், கசூரினா பீச், றியோவில ஐஸ்கிறீம் எல்லாம் ஏற்கனவே பட்டியலில ஏறிட்டுது.

எனக்கு அதில அரை நாள் வேணும். நவாலிக்குப் போகவேணும். அந்த ஊர்ச் சோமசுந்தரப் புலவற்ற பாட்டு ரெண்டு மூண்டு பிள்ளையளுக்குப் பாடம். ஆடி முதலாம் நாள் கூழ் காய்ச்சிக் கொண்டாடுற ஆடிப்பிறப்புக்கு அவர் எழுதின பாட்டைப் பாடாத வீடே இல்லை. அந்த ஊரையும், கிட்ட இருக்கிற ஒரு நூலகத்தையும் காட்டினா நல்லம் எண்டு யோசிச்சன். ஆனா எனக்கு அந்தப் பக்கம் பழக்கமில்லை. பிள்ளையள் பார்க்கிறதுக்கு அங்க என்ன இருக்கு? நூலகத்துக்கு வெளியூர் ஆக்களை விடுவினமா? விழா நாளிலயே போறதா, ஒட்டி வாற சனி ஞாயிறில போறதா?

மானிப்பாய் மருமகள்

அக்கா, நான் பாலையூற்றில பிறந்து மானிப்பாயில வாழ்க்கைப்பட்டனான். ரெண்டு பக்கத்துக்கும் கதைப்பன்.

முதலே சொல்லிப்போட்டன், மியூசியம் மாதிரி நினைச்சு வராதேங்கோ. நவாலி ஒரு சாதாரண ஊர். வீடு, வளவு, பனை, தோட்டம், கோயில். யாழ் டவுணில இருந்து மானிப்பாய் றோட்டால வந்தா ஆனைக்கோட்டை கழிய இடக்கைப் பக்கமாத் திரும்பவேணும். புலவற்ற சிலை இருக்கு. ஆடிப்பிறப்பெண்டா அதுக்கு மாலை போட்டு, பிள்ளையளைப் பாடவிட்டு, கூழும் குடுப்பினம். அண்டைக்கு வந்தா நல்ல கலகலப்பு. ஆனா பேச்சுக்காரர் மைக்கைப் பிடிச்சா விடமாட்டினம். உங்கட சின்னனுகள் வெயிலுக்க நிண்டு வாடிப்போகும். என்னைக் கேட்டா ஒட்டி வாற சனிக்கிழமை வாங்கோ.

அட்டகிரி முருகன் கோயிலுக்குக் கட்டாயம் கூட்டிப் போங்கோ. அவர் அந்த முருகனில கலம்பகமே பாடியிருக்கிறார். பெரிய புலமைக்காரர். சிறுவர் பாட்டு அவர் எழுதினதில ஒரு பகுதிதான்.

பின்னேரம் எங்கட வீட்டை வாங்கோ. மாமி கூழ் காய்ச்சித் தருவா. சும்மா சொல்லேல்லை, எத்தினை பேர் எண்டு முதல் நாள் அறிவிச்சாக் காணும்.

தம்பலகாமத்தான்

தங்கச்சி குறை நினைக்கவேண்டாம். ஹொரவப்பொத்தானையால வவுனியாவுக்கு ஏறி, பிறகு ஏ9 பிடிச்சு, ஆறு மணித்தியாலம் வானுக்க குலுங்கிப் போய்ச் சின்னப் பிள்ளையளுக்கு ஒரு சிலையைக் காட்டுறது என்ன ஞாயம்? சிலைக்கு முன்னால வரிசையா நிண்டு படம் எடுப்பியள், பேஸ்புக்கில போடுவியள், அவ்வளவுதான். எங்க போனாலும் எங்கட ஆக்கள் செய்யிறது இதைத்தான்.

பனையும் கத்தரித் தோட்டமும் எங்களிட்ட இல்லையோ? புளுக்கொடியல் (அவிச்சுக் காயவிட்ட பனங்கிழங்கு) சந்தையில விக்கேல்லையோ? பாட்டை இஞ்ச வச்சே படிப்பிக்கலாம்.

உவர்மலை அக்கா

//சிலைக்கு முன்னால வரிசையா நிண்டு படம் எடுப்பியள்//

அண்ணை, அதுக்குப் பயந்துதானே இஞ்ச வந்து கேக்கிறன். சிலை பார்க்க எண்டு கூட்டிப் போகேல்லை. பாட்டு எழுதின ஆளும் தங்களை மாதிரி ஒரு ஒழுங்கையில ஓடித் திரிஞ்சவர்தான் எண்டு பிள்ளையளுக்கு விளங்கவேணும். புத்தகத்தில பேர் வந்தா அந்த ஆள் வேற லோகம் எண்டு நினைக்குதுகள்.

ஆலங்கேணிப் பேரன்

தம்பலகாமத்து அண்ணை பாதி வழியில நிப்பாட்டிட்டார், மிச்சத்தை நான் சொல்லுறன்.

ஆறு மணித்தியாலம் ஓடமுதல் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டினா எங்கட ஆலங்கேணி. கேணிப்பித்தன் எண்ட பேரில பிள்ளையளுக்குக் கதையும் பாட்டும் எழுதிக் குவிச்ச ச. அருளானந்தம் ஐயா எங்கட ஊர்தான். கல்வித் திணைக்களத்தில பெரிய பதவியில இருந்தவர், பேரிலயே ஊரை வச்சிருக்கிறார். பக்கத்து ஈச்சந்தீவு தாமரைத்தீவான் ஐயாவின்ர ஊர், அவரும் கவிஞர். மூதூருக்குப் போனா வ. அ. இராசரத்தினம். அவர் பெரியாக்களுக்கு எழுதினவர், அது வேற கதை. ஆக ஒரே றோட்டில இவ்வளவு பேர். உங்கட வாசிப்பு வட்டத்துப் பிள்ளையள் இதில எத்தினை பேரைக் கேள்விப்பட்டிருக்கினம்?

2009க்கு முதல் கிண்ணியாவுக்கு வள்ளப் பாதை (மிதவைப் படகு) பிடிக்கவேணும், சரி, தூரமெண்டு சொல்லலாம். இப்ப பாலத்தில ஏறி இறங்கினாச் சரி. இருந்தும் டவுண்காரருக்கு யாழ்ப்பாணம் கிட்ட, ஆலங்கேணி தூரம்.

உவர்மலை அக்கா

தம்பி, உறைக்குது. ஆனா ஒண்டைச் செய்தா மற்றதைச் செய்யக்கூடாதெண்டு இல்லையே. வான் பிடிச்சாச்சு, இந்தமுறை நவாலி. ஆலங்கேணிக்கு நீங்கதான் ஒழுங்கு செய்யவேணும், பிறகு ஒளிக்கக்கூடாது.

ஓய்வுபெற்ற நூலகன்

நீண்ட காலம் நூலகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சிலது சொல்கிறேன். எந்த ஊர் என்று கேட்கவேண்டாம்.

பிரதேச சபை, நகரசபை நூலகங்களில் இரவல் அட்டை அந்தச் சபை எல்லைக்குள் இருப்பவர்களுக்குத்தான். உள்ளே இருந்து வாசிப்பதற்கு யாரும் மறிக்கமாட்டார்கள். ஆனால் ஒரு வான் நிறையப் பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கினால் எந்த நூலகருக்கும் முகம் கோணும். ஒரு கிழமைக்கு முன்பே கடிதம் போடுங்கள். எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எந்த நேரம், எந்த எழுத்தாளரின் நூல் தேவை என்று எழுதுங்கள். கடைசி வரிதான் முக்கியம். அதைப் பார்த்தால் நூலகர் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்திருப்பார். போயா நாளிலும் அரச விடுமுறையிலும் பூட்டு. வார விடுமுறை நாள் இடத்துக்கு இடம் மாறும், கேட்டுக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. பழைய சிறுவர் நூல்கள் சிறுவர் பகுதியில் இருக்கும் என்று நம்பி ஏமாறவேண்டாம். புலவரின் 'சிறுவர் செந்தமிழ்' மாதிரி நூல் பழையது, அரியது என்று உசாத்துணைப் பகுதிக்கோ (இரவல் கொடுக்காமல் அங்கேயே பார்க்கவிடும் பகுதி) கண்ணாடி அலுமாரிக்கோ போயிருக்கும். சிறுவர் பகுதியில் கிடைக்காவிட்டால் நூல்களைப் பாடவாரியாக அடுக்கும் டூயி வகுப்பெண்ணில் 894.811 அடுக்கில் தேடுங்கள், தமிழ் இலக்கியம் அங்கேதான். பிள்ளைகளுக்கு எழுதிய புத்தகம் பிள்ளைகள் போகமுடியாத அறைக்குள் இருப்பது எங்கள் தொழிலின் விசித்திரம். நானும் அப்படிப் பூட்டித் திறப்பை இடுப்பில் கொண்டு திரிந்தவன்தான். விட்டால் அடுத்த கிழமை அட்டை மட்டும் திரும்பி வரும்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் போவீர்கள்தானே? எரிந்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள், 1981, 97,000 நூல். சொல்லத்தான் வேண்டும். தொடங்கிய கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் வைத்துப் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கியதில் இருந்து வந்தது அது. விறாந்தையில் வாசிக்கிற பிள்ளைகளுக்கு அது நன்றாகவே பிடிபடும்.

சாம்பல்தீவு ரீச்சர்

போகமுதல் எந்தெந்தப் பாட்டுப் படிப்பிச்சனீங்கள் அக்கா? ஆடிப்பிறப்பு மட்டும் எண்டா அங்க போயும் அதைத்தான் பாடுவினம். மற்றதுகளையும் எடுங்கோ.

என்ர வகுப்பில நல்லா எடுபடுறது பவளக்கொடி. பருத்தித்துறைப் பெட்டை பால் விக்கப் போறா. பாலை வித்து, அந்தக் காசில என்னென்ன வாங்கலாம் எண்டு கணக்குப் போட்டுக்கொண்டு போறா. கடைசியில கற்பனையிலயே மற்றப் பெட்டையளுக்குத் தலையை ஒருக்கா வெட்டிக் காட்டுறா, குடம் துலைஞ்சுது. அந்த இடத்தை நடிச்சுக் காட்ட ஆம்பிளைப் பிள்ளையள்தான் முதல் கை உயர்த்துவினம், ஏனெண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.

கத்தரி வெருளியையும் விடாதேங்கோ. தோட்டத்துக்கு நடுவில நிக்கிற வெருளியைச் 'சேவகா' எண்டு கூப்பிட்டு, இவ்வளவு கவனமாக் கூலியும் வாங்காம வேலை செய்யிறவன் வேற ஆர் எண்டு புகழுற பாட்டு. பெரியாக்கள் வாசிச்சா அதுக்க இருக்கிற நக்கல் தெரியும். பிள்ளையளுக்கு வெருளியோட கதைக்கிறதே காணும். ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டில சாப்பாடு போட எல்லாராலும் ஏலாது.

தம்பலகாமத்தான்

வெருளிப் பாட்டு நல்ல பாட்டு. அதை ஒத்துக்கொள்ளுறன்.

கடல்முகத் தெருவான்

குறுக்க வாறதுக்கு மன்னியுங்கோ. நவாலி எண்ட உடன என்ர வயசுக்காரருக்கு முதல் ஞாபகம் வாறது புலவர் இல்லை. 1995 யூலை 9, சென் பீற்றேர்ஸ் தேவாலயத்தில குண்டு விழுந்தது. இடம்பெயர்ந்து வந்து ஒதுங்கியிருந்த சனம், நூறுக்கு மேல செத்தது. அந்தப் பக்கம் பிள்ளையளைக் கூட்டிப் போறனீங்கள், அதைப்பற்றி ஒண்டும் சொல்லாம வாறது சரியா? கேக்கிறன், குற்றமாச் சொல்லேல்லை.

மானிப்பாய் மருமகள்

கேக்கவேண்டிய கேள்விதான் அண்ணை. புலவர் இறந்தது 1953 யூலை 10. தேவாலயத்து நினைவு நாள் யூலை 9. அது கழிஞ்சு ஒரு கிழமையில ஆடிப்பிறப்பு. இந்த ஊருக்கு அந்த ஒரு கிழமை அப்பிடித்தான் போகும். விளக்குக் கொழுத்தின கையாலதான் கூழுக்கும் மாக் கரைப்பினம். இஞ்சத்தைப் பிள்ளையளுக்கு ரெண்டும் தெரியும், ஆரும் பிரிச்சு வச்சுச் சொல்லுறேல்லை.

உவர்மலை அக்கா

நான் தாய்மாரோட கதைச்சிட்டு முடிவெடுக்கிறன். எல்லாற்ற வீட்டிலயும் ஒரே மாதிரி இல்லை, சிலபேர் தாங்களே ஆளை இழந்தவை.

உவர்மலை அக்கா

போயிட்டு வந்தாச்சு. இவ்வளவு பேர் எழுதினதுக்கு விபரம் சொல்லாட்டிச் சரியில்லை.

விடியப்புறம் வெளிக்கிட்டும் வவுனியாவில சாப்பாட்டுக்கு நிப்பாட்டினதில நேரம் இழுபட்டுப் போச்சு. முதல் நாள் டவுண் பக்கம், அதைச் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் போற இடம்தான். ரெண்டாம் நாள் காலமை நவாலி. சிலையடியில தம்பலகாமத்து அண்ணை சொன்ன மாதிரியே வரிசையா நிண்டு படம் எடுத்தனாங்கள், என்ன செய்யிற. பிறகு வானை ஒரு மரத்துக்குக் கீழ விட்டிட்டு நடந்தம். ஒரு வளவு வேலிக்கு அங்கால கத்தரித் தோட்டம், அதுக்க உண்மையிலயே ஒரு வெருளி. கிழிஞ்ச ரீசேட், தலைக்குப் பெயின்ற் வாளி. பிள்ளையள் வேலியைப் பிடிச்சுக்கொண்டு பாட்டைத் தொடங்கிட்டுதுகள். தோட்டக்கார ஐயா மம்பெட்டியோட வந்து, "ஆற்ற பிள்ளையள் இதுகள்?" எண்டார். திருகோணமலை எண்டன். "அங்க வெருளி இல்லையோ?" எண்டு கேட்டிட்டு, விட்ட அடியளை அவரே பாடிக் காட்டினார். பிள்ளையளுக்கு அவற்ற மெட்டுப் புதுசு, நாங்கள் இஞ்ச பாடுறது வேற மாதிரி. எது சரி எண்டு வானுக்க பெரிய சண்டை.

அட்டகிரிக் கோயிலில கொஞ்ச நேரம் இருந்தம். வயல் பக்கம் வழுக்கையாறு எண்டு காட்டினவை. ஆடியில எங்கால தண்ணி, காய்ஞ்சு கிடக்குது. "ஆறு எண்டு சொன்னீங்கள்?" எண்டு ஒருத்தி என்னோட கோபம்.

தேவாலயத்துக்கும் போனம். பெரிய பிள்ளையளை மட்டும் இறக்கினம். தாய்மார் தாங்களே சொன்னவை, நான் வாய் திறக்கேல்லை.

அடுத்தது நூலகம். அந்தப் பக்கத்தில ஒண்டு, பேர் வேண்டாம். ஐயா சொன்னபடி கடிதம் போட்டனான், அது போய்ச் சேரேல்லையாம். சிறுவர் பகுதி வடிவா இருந்துது, பதிஞ்ச கதிரை, சுவரில படம், பளபளக்கிற புத்தகங்கள். ஆனா புலவற்ற பாட்டு ஒண்டும் அங்க இல்லை. கேட்டா உசாத்துணைப் பகுதியில இருக்காம், பெரியாக்கள்தான் போகலாமாம். நான் உள்ள போய் இருந்து எழுதிக்கொண்டு வரலாம், பிள்ளையள் வாசலில நிக்கவேணுமாம். போனில படம் எடுக்கவும் விடேல்லை. அந்த நூலகப் பிள்ளையில பிழையில்லை, சட்டம் அப்பிடி எழுதி ஒட்டியிருக்கு. கடைசியா அவவே மனமிரங்கிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சிறுவர் பகுதிக்கு வந்து மேசையில வச்சா. பக்கத்தில கதிரை போட்டு இருந்து தானே தாளைத் திருப்பிவிட்டா. தாள் பழுப்பேறி, ஓரம் தொட்டா உதிருது. பிள்ளையள் ஆளுக்கொரு பாட்டாப் பிரிச்சுக் கொப்பியில எழுதினவை. 'புளுக்கொடியல்' பாட்டை எழுதினவன் ஒரு அடியை விட்டிட்டான், அதுக்குப் பிறகு றோட்டெல்லாம் அழுகை.

பின்னேரம் மருமகள் வீட்டை. மாமி பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் கையில தந்தா. ஸ்பூனில குடிச்சா அது கூழில்லையாம். பயறும் தேங்காய்ச் சொட்டும் கடிபட, பனங்கட்டிக் கூழ் சுடச்சுட. ஒருத்தன் மட்டும் குடிக்கேல்லை, நூடில்ஸ் இருக்கோ எண்டு கேட்டவன். மாமி சிரிச்சுக்கொண்டு அதையும் அவிச்சுக் குடுத்தா.

மானிப்பாய் மருமகள்

மாமி இப்பவும் கேக்கிறா, அந்த நூடில்ஸ் பெடியன் எப்ப வருவான் எண்டு.

ஓய்வுபெற்ற நூலகன்

கடிதம் போய்ச் சேராதது எனக்கு ஆச்சரியமில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாரே, அந்த அம்மாவுக்கு ஒரு நன்றிக் கடிதம் போடுங்கள், அது போய்ச் சேரட்டும்.

இனி நடக்கக்கூடியதைச் சொல்கிறேன். புலவர் 1953இல் மறைந்தார். நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரைதான். 2023 முடிவோடு அது தீர்ந்தது. பாட்டுகளை யாரும் அச்சிடலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. பிற்காலப் பதிப்புகளில் வேறொருவர் எழுதிய முன்னுரை, உரை, கீறிய படம் இருந்தால் அவற்றை மட்டும் தொடாதீர்கள். பாட்டை எழுத்துப் பிழையில்லாமல் ஒப்பிட்டுப் பார்க்க 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் தேடுங்கள். ஈழத்துப் பழைய நூல்களை 2005 முதல் வருடிப் போடுகிறார்கள், காசு இல்லை. பிள்ளைகள் எழுதி வந்த கொப்பிகளை வைத்தே ஒரு சின்னப் புத்தகம் போடலாமே. இரண்டு பிரதி நமது ஊர் நூலகத்துச் சிறுவர் பகுதிக்கு. அதையும் கண்ணாடி அலுமாரியில் வைத்தால் என்னிடம் சொல்லுங்கள்.

சாம்பல்தீவு ரீச்சர்

நல்ல யோசனை. ஒக்ரோபர் வாசிப்பு மாதம், அதுக்கு முடிச்சா நூலகத்தில கையளிக்கலாம். எழுத்துப் பாக்கிற வேலையை நான் செய்யிறன். புளுக்கொடியலில விட்ட அடியை முதல் போடுவம். படம் ஆர் கீறுறது?

ஆலங்கேணிப் பேரன்

பிள்ளையள்தான் கீறவேணும். கடைசியில ரெண்டு பக்கம் வெறுமையா விடுங்கோ, எங்கட பக்கம் வந்து போன பிறகு அதில ஆலங்கேணியைப் பற்றி எழுதட்டும். மழை தொடங்கமுதல் ஒரு நாள் வையுங்கோ. நான் ஒளிக்கமாட்டன்.

தம்பலகாமத்தான்

பெயின்ற் வாளித் தலையெல்லாம் ஒரு வெருளியோ. எங்கட வயலில நிக்கிறதுக்குக் காற்சட்டை, சேட்டு, பழைய தொப்பி எல்லாம் இருக்கு. கீறுறதெண்டா பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஆனா சுணங்கக்கூடாது, வெள்ளாமை வெட்டினாப் பிறகு வந்து பிரயோசனமில்லை.

உவர்மலை அக்கா

வாற சனி வாறம் அண்ணை. வானை எவடத்தில நிப்பாட்டலாம்?

தம்பலகாமத்தான்

ஆதிகோணநாயகர் கோயிலடியில விடுங்கோ. அங்கால வரம்பால நடக்கவேணும், சப்பாத்துப் போட்டு வராதேங்கோ.